உர மூட்டையில் என்ன கணக்கு?

கேள்வி: மாடித்தோட்டத்துக்கு உரம் வாங்கப் போனேன். ஒரு பாக்கெட்டில் 19:19:19, பக்கத்து மூட்டையில் 18:46:0. இது உரமா, லாட்டரிச் சீட்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: லாட்டரியில் பரிசு விழுவது சந்தேகம், இதில் சொன்னது உள்ளே இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து என்ற வரிசையில், எடைக்கு எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண்கள்.

மூன்று 19-ஐக் கூட்டினால் 57தானே, மீதி 43 கலப்படமா என்று கடைக்காரர் சட்டையைப் பிடிக்காதீர்கள். சத்துகள் வேறு தனிமங்களோடு சேர்ந்த சேர்மமாகத்தான் வரும். வெள்ளை பாஸ்பரஸைச் சுத்தமாகக் கொடுத்தால் காற்றுப் பட்டதுமே பற்றிக்கொள்ளும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற தீயணைப்பு வண்டிதான் வரவேண்டும்.

நடு எண்ணில் ஒரு பழைய வழக்கம் வேறு. 46 என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. அசல் பாஸ்பரஸ் சுமார் 20தான்.

18:46:0 என்பது டி.ஏ.பி. கடைசியில் முட்டை, அதாவது சாம்பல்சத்து துளியும் கிடையாது. யூரியாவோ 46:0:0. அதைத் தக்காளிக்கு அள்ளிப் போட்டால் இலை கரும்பச்சையாய்க் கொழுக்கும், பூ எட்டிப் பார்க்காது. பக்கத்து வீட்டுக்காரர் கீரை என்று நினைத்துக் கட்டு என்ன விலை என்பார்.

தொட்டிச் செடிக்கு 19:19:19 போதும். லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றுங்கள். காய்ப் பருவத்தில் 13:0:45-க்கு மாறலாம். டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. மாடிப்படி ஏற்ற ஆள் இருந்தால் யோசியுங்கள்!