நாலு வயசுக்கு டீ பார்ட்டியாம்ல!

ஏலே தம்பி, இங்கன வந்து உக்காரு. பிள்ளைக்கு நாலு வயசு முடியுதாமே, டீ பார்ட்டி வைக்கப் போறியாமே. ஆச்சி சொன்னா. வையி, நல்லது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. ஒம்பிள்ளை டீ குடிக்குமா?

குடிக்காதுல்லா? குடிக்கவும் கூடாது. தேயிலையோட துவர்ப்பு இருக்கே, அது சாப்பாட்டுல இருக்க இரும்புச்சத்தை ஒடம்புல ஒட்டவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் டீ, காப்பி பக்கம் போகாதீகன்னு ஐதராபாத்துல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவுகளுக்கே சொல்லுது. நம்ம நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக நூத்துல 67 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. ஆக, டீ கிடையாது. மிச்சம் என்ன இருக்கு? பார்ட்டி இருக்கு. அதுக்கு ஒரு தீம் இருக்கு. தீமுக்கு ஒரு பிளானர் இருக்காரு. அவருக்கு முன்பணமும் கொடுத்தாச்சு. மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்கு மேளக்காரன் அச்சாரம் வாங்கிட்டுப் போன கதைதான்.

இந்தச் சாயங்கால டீ எப்படிப் பொறந்துச்சுன்னு தெரியுமா? இங்கிலாந்துல 1840 வாக்குல பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னான்னு ஒரு அம்மா இருந்தாளாம். மத்தியானச் சாப்பாடு கொஞ்சூண்டு. ராச்சாப்பாட்டுக்கு நேரம் கெடக்கு. நடுவுல வயிறு கிள்ளியிருக்கு. டீயும் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டாரச் சொல்லித் தின்னிருக்கா. பெறகு சேக்காளிகளையும் கூப்பிட்டுக்கிட்டா. அம்புட்டுத்தான் சேதி. பசிச்சுது, தின்னா. அதுக்கு அவ பலூன் வளைவா கட்டினா?

நீ என்னமோ ஆலிஸ் தீமுன்னு சொல்லுத. ஆக்ஸ்ஃபோர்டுல கணக்குச் சொல்லிக்கொடுத்த லூயிஸ் கரோல் 1865ல போட்ட புஸ்தகம். பேத்தி வாசிச்சுச் சொன்னா, நானும் திண்ணையில உக்காந்து கேட்டேன். அதுல கோட்டி புடிச்ச தொப்பிக்காரனும் ஒரு முயலும் டீ குடிச்சுக்கிட்டே கெடக்கானுவ. அவனுவளுக்கு நேரம் ஆறு மணியிலயே நின்னு போச்சு. எந்நேரமும் டீ நேரம். கோப்பை கழுவ ஏது நேரம்? ஆளுக்கு ஒரு நாற்காலி தள்ளித் தள்ளி உக்காந்துக்கிடுதானுவ. அங்கன வந்த சின்னப்பிள்ளை ஆலிஸை ஒருத்தனும் மதிக்கல. விடை இல்லாத விடுகதையப் போட்டு வதைக்கானுவ. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அந்தப் பிள்ளை எந்திரிச்சுப் போயிருது. ஏலே, உலகத்துல எத்தனையோ விருந்து இருக்கு. விருந்தாளிப் பிள்ளை பாதியில வெளிநடப்பு செஞ்ச விருந்தையா நீ தேடிப் புடிச்ச?

ஒரு வகையில பொருத்தம்தான். நீ வைக்கப்போறதும் அதுதான். சாயங்காலம் நாலு மணிக்குன்னு அழைப்பு அனுப்பியிருக்க. அந்த வயசுப் பிள்ளை மத்தியானம் ஒறங்கி எந்திரிக்க நேரம் அது. அரைத் தூக்கத்துல எழுப்பி, குத்துத கவுனை மாட்டி, தலையில தொப்பிய வச்சு அழுத்திக் கூட்டிட்டு வருவாவ. டிரஸ் கோடு வேற. பாஸ்டல் கலராம். என்னலன்னு கேட்டேன், வெளுத்த கலருன்ன. எங்க காலத்துல துணி தானா வெளுக்கும், துட்டு கேக்காது.

பின்னால ஒரு கோட்டை நிக்கப் போகுதாமே, பூராத் தெர்மாகோல். அலங்காரத் தெர்மாகோலையும் பலூன்ல சொருகுத பிளாஸ்டிக் குச்சியையும் 2022 ஜூலை 1ல இருந்து நாடு முழுக்கத் தடை பண்ணியாச்சு. பிளாஸ்டிக் கோப்பைக்கு நம்ம மாநிலத்துல 2019 சனவரியிலயே தடை. இதெல்லாம் பிளானருக்குத் தெரியாதா? தெரியும். ஒனக்குத் தெரியாதுங்கதும் அவருக்குத் தெரியும்.

தீனி வகையறாவையும் கேட்டேன். ரோஸ் கலர்ல பஞ்சு மிட்டாய். துணிக்குப் போடுத ரோடமின்-பி சாயம் அதுல இருந்துச்சுன்னு 2024 பிப்ரவரியில அரசாங்கம் தடை போட்டுச்சே, பேப்பர் பாக்கலியா? பெறகு, புகை பிஸ்கட். சுழிக்குக் கீழ 196 டிகிரி குளுந்த திரவ நைட்ரசன்ல முக்கிக் கொடுக்காவ. பிள்ளை வாயில புகை வந்தா போட்டோ நல்லா இருக்குமாம்! எங்க வாயில புகை வந்தா எங்கய்யா வாரியலைத் தேடுவாரு. அந்தப் புகை விவகாரத்துக்கும் அதே வருசம் ஏப்ரல்ல உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை கொடுத்தாச்சு.

கேலி இருக்கட்டும், இத மட்டும் காதுல வாங்கு. இந்த வயசுக்கு முழுத் திராட்சை ஆகாது. வழுக்கிக்கிட்டுப் போயி மூச்சுக்குழாய அடைச்சுரும். நெட்டுவாக்குல நாலாக் கீறிக் கொடு. வேர்க்கடலை, பாப்கார்ன் தட்டைப் பெரியவுக பக்கம் வையி. ஒடைஞ்ச பலூன் துண்டை அப்பமே பொறுக்கிரு, வாயில போட்டுக்கிடும். யாரு பிள்ளைக்கு எது ஒத்துக்கிடாதுன்னு தாய்மாருகிட்ட முன்கூட்டியே கேட்டு வையி. இம்புட்டுத்தான் நீ பிளான் போட வேண்டிய சமாசாரம். ஒன் நோட்டுல ரெண்டு பக்கத்துக்கு நாப்கின் மடிப்பு இருக்கு, இது இல்ல.

சரி, பார்ட்டியே வேண்டாமான்னு கேப்ப. யாரு சொன்னா? அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான் பாத்திருக்கியா? மரத்தைக் கடைசல் புடிச்சு, அரக்குச் சாயம் ஏத்தி, செவப்பும் மஞ்சளும் பச்சையுமா அடுப்பு, பானை, அம்மி, திருகை. ஒரு ஓலைப்பெட்டிக்குள்ள ஒரு குடித்தனமே அடங்கிரும். அதுல ஒரு செட்டு வாங்கு. மரச்சொப்புல தண்ணி ஊத்த மனசு வரலேன்னா எவர்சில்வர் தம்ளரும் டபராவும் எடுத்துப் போடு. முத்தத்துல பாய விரி. ஒரு செம்புத் தண்ணி வையி. பேசாம ஒதுங்கி நில்லு. பெறகு பாரு வேடிக்கைய. ஒண்ணு டீ ஆத்தும். ஒண்ணு சீனி பத்தலைன்னு மூஞ்சியச் சுளிக்கும். ஒண்ணு துட்டு கேக்கும், இன்னொண்ணு நாளைக்குத் தாரேன்னு கடன் சொல்லும். தீமு வேணும்னு எந்தப் பிள்ளையாவது கேக்குதான்னு பாரு.

தண்ணி சிந்துமேன்னு ஒம்பொண்டாட்டி பதறுவா. சிந்தத்தான் செய்யும். மாண்டிசோரி அம்மா 1939ல அடையாறுக்கு வந்து நம்ம வாத்திமாருக்குச் சொல்லிக்கொடுத்தாவளே, அவுக முறையில ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு ஊத்திப் பழகுதது ஒரு பாடமாவே உண்டு. அந்தப் பேரு போட்ட பள்ளிக்கூடத்துக்குப் பணத்தைக் கட்டிட்டு, வீட்டுல அதே பிள்ளை தண்ணிய ஊத்தினா வையுதீகளே, இது எந்த ஊரு நியாயம்?

பெறகு, எவனாவது ஒரு பய வந்து கேக்குல கைய விடுவான், பானைய ஒதச்சுத் தள்ளுவான். அவன் ஆத்தாளைப் போயி மொறைக்காத. ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல இதுக்குன்னே சிற்றில்னு ஒரு பருவம் வச்சிருக்காவ. பொட்டப்பிள்ளைக கட்டின மணல்வீட்ட மிதிச்சுராதப்பான்னு கெஞ்சுத பாட்டு. முருகனையே அப்படிக் கெஞ்சியிருக்காவ. ஒன் எதுத்த வீட்டுப் பயலுக்கு என்ன வந்துச்சு?

நாலஞ்சு பிள்ளை போதும். ஒண்ணரை மணி நேரம் தாண்ட விடாத. அதுக்கு மேல போனா கேக்கைத் தவிர எல்லாமே அழும். சூடா குழிப்பணியாரம், வாழைப்பழம், கருப்பட்டிப் பானக்கம். ரீல்ஸ் எடுக்க வார சித்திமாருக்குத் தனியா டீ போட்டுக் கொடு, அவுகளாவது குடிப்பாவ.

இப்ப எந்திரி. அந்தப் பிளானருக்கு ஒரு போனைப் போட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேளு. தரமாட்டாரு. இருந்தாலும் கேட்டுப் பாரு.