சீனங்கடைக் கோட்பாடும் அதன் சரிவும்

வெண்ணெய் கிடைக்காத ஊரில் வெண்ணெய் தேடுவது எப்படி என்பது பற்றித் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த உரையாசிரியர்களும் நழுவிவிட்டார்கள். கேக் அவர்கள் காலத்தில் இல்லை என்பதை நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

ஆய்வுக்களம் இரண்டு. ஒன்று மலாக்கா மாநிலம் ஜாசின் மாவட்டத்து மெர்லிமாவ். மலாக்காவிலிருந்து மூவார் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்னப் பட்டணம். 1894ல் கட்டிய பெங்குலு கனியின் வீட்டுக்கு வண்ண ஓடு பதித்த படிக்கட்டு உண்டு. அதைப் படம் எடுக்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கேக் சாமான் விற்கும் கடையை யாரும் படம் எடுப்பதில்லை. இரண்டாவது களம் தென்சீனத்துச் சியாமென். வீட்டுக்காரருக்கு அங்கே 2 வருடம் வேலை. கூடப் போன நான் அந்த 2 வருடத்தில் 2 தீபாவளி கொண்டாட வேண்டியிருந்தது. தீபாவளி என்றால் முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம், அப்புறம் கேக். கேக் இல்லாத தீபாவளி எங்கள் தோட்டத்தில் துக்க வீட்டில்தான் நடக்கும்.

கோட்பாட்டை முன்மொழிந்தவர் என் அம்மா. பெட்டி கட்டும்போது மார்ஜரின் டின் இரண்டை உள்ளே திணிக்கப் பார்த்தேன். கையில் இருந்ததைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு அவர் சொன்னது இது: "ஏண்டி, சீனாவுக்குப் போற. அங்க இருக்கறது எல்லாமே சீனங்கடைதானே? அப்புறம் என்ன கிடைக்காமப் போயிடும்?"

சிரிக்கக் கூடாது. இது 40 வருடக் கள ஆய்வில் விளைந்த முடிவு. சம்பளம் போட்ட மறுநாள் அம்மா தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இறங்கி, தவுக்கே கடையில் 555 புத்தகத்தை நீட்டுவார். உள்ளங்கை அளவு கடன் புத்தகம். அட்டையில் 555 என்று போட்டிருக்கும். தவுக்கே பழைய பாக்கியை அடித்துவிட்டுப் புதுப் பாக்கியை எழுதுவார். அந்தக் கடையில் கேட்டு இல்லை என்ற பொருளை அம்மா பார்த்ததே கிடையாது. மண்வெட்டிப் பிடி, கற்பூரம், பள்ளிச் சப்பாத்து, கருவாடு. தீபாவளி நெருங்கினால் முன்பக்கம் ஒரு தனி மேசை வரும். பிளாந்தா மார்ஜரின், கேக்குக்கென்றே விற்கிற மெல்லிய மாவு, பேக்கிங் பவுடர், கஸ்டர்ட் பவுடர், வெனிலா எசன்ஸ், மாவு உப்ப வைக்கிற ஓவலெட் டப்பா எல்லாம் அதன் மேல் ஏறும். தவுக்கே அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே கேட்பார்: "அம்மா, இந்தத் தடவ எத்தன காத்தி?" இப்படி ஆண்டுதோறும் அதே சோதனையைச் செய்து அதே விடை வந்தால், எந்த விஞ்ஞானியும் அதை விதி என்றுதான் சொல்வான். சீனங்கடை இருக்கும் இடத்தில் கேக் இருக்கும். சீனாவில் சீனங்கடைகள் மிக அதிகம். ஆகவே.

விதி எங்கே பிசகியது என்று பார்க்குமுன், இந்தச் சாமான்களின் குலம் கோத்திரத்தைக் கொஞ்சம் ஆராய வேண்டும். எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் சாமான் என்று ஒரே மூட்டையில் கட்டுவது ஆய்வுக்கு அழகல்ல. மார்ஜரினை 1869ல் பிரெஞ்சுக்காரர் மேஜ் மூரியே கண்டுபிடித்தார் என்பது உண்மைதான். அப்போது அதில் இருந்தது மாட்டுக் கொழுப்பு. (இந்தத் தகவலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் வேறு வேடத்தில் வரும்.) எங்கள் டின்னில் இருப்பதோ செம்பனை எண்ணெய். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ல் சிலாங்கூரில் உருவானது. அதன் பெயர் தென்னமாரம். பனை நட்ட இடத்துக்குத் தென்னையின் பெயர். தமிழன் இருந்த இடத்துக்கு வேறு அடையாளம் வேண்டாம். எங்கள் பக்கத்திலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அப்பா நீளக் கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டினார். குலை லோரியில் ஏறி ஆலைக்குப் போய், எண்ணெயாகி, மார்ஜரினாகி, டின்னில் அடைபட்டு, தவுக்கே மேசைக்கு வந்து, 555 புத்தகத்தில் அப்பா பெயரிலேயே கடனாக ஏறியது. இதை மேற்கத்தியப் பொருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேக்கிங் பவுடரின் கதை வேறு. பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. 1837ல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடர் செய்தார். அந்த அம்மாளுக்கு ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. 1843ல் பேக்கிங் பவுடர் செய்தார். எங்கள் தோட்டத்துத் தீபாவளித் தட்டில் பாதி, முகம் தெரியாத ஓர் ஆங்கிலேய அம்மாளின் வயிற்றுக் கோளாறுக்குக் கடன்பட்டது. எந்த வரலாற்று நூலும் இவருக்கு உரிய இடம் தரவில்லை.

இனி சீனி. இதுதான் இந்த ஆய்வின் மிக நுட்பமான பகுதி. அவசரப்படுகிறவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். சர்க்கரை காய்ச்சும் வித்தையைக் கற்றுவர ஏழாம் நூற்றாண்டில் தாங் பேரரசர் தைசோங் மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாற்று நூல் சொல்கிறது. வித்தை நம் பக்கத்திலிருந்து அங்கே போனது. பிற்பாடு வெள்ளைச் சர்க்கரை 'சீனி' என்ற பெயரில் நம்மிடம் வந்தது. சீனத்துச் சரக்கு என்று அர்த்தம். ஆக, சொந்தப் பொருளையே அயலூர்ப் பெயர் வைத்து அழைக்கிறோம். இவ்வளவும் தெரிந்துகொண்டு சியாமென் கடையில் போய் "சீனி" என்றேன். விற்கிற பெண் மேலும் கீழும் பார்த்தாள். அங்கே அதற்குத் 'தாங்' என்று பெயர். சீனியின் சொந்த நாட்டிலேயே சீனியை யாருக்கும் தெரியவில்லை.

முதல் களப்பணி, சேர்ந்த மூன்றாம் மாதம். சீன எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு எழுத்து மட்டும் தெரியும். மெர்லிமாவில் வெண்ணெய்ப் பொட்டலத்தில் மலாய் மெந்தேகாவுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்குமே, அந்த இரண்டு. தவுக்கே மகன் ஒருமுறை விளக்கியிருக்கிறான்: முதலாவது மாடு, இரண்டாவது எண்ணெய். வீட்டுக்கு அருகில் இருந்த சந்தையில் அதே இரண்டு எழுத்தைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. குளிர்பெட்டியில், வெளிர்மஞ்சள் நிறத்தில், செங்கல் மாதிரி கட்டி. விலையும் மலிவு. இரண்டு வாங்கினேன். வீசாட்டில் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

"மாட்டெண்ணெய்னு போட்டிருக்குன்னா நெய்தானேடி அது? நான் சொல்லல?" என்றார் அம்மா. கோட்பாடு அன்று மாலை 5 மணி வரை உயிரோடு இருந்தது.

5 மணிக்கு ஒரு துண்டை வெட்டிச் சட்டியில் போட்டேன். வெண்ணெய் உருகும்போது முதலில் நுரை கட்டும், பிறகு சடசடக்கும், பிறகு வீடே மணக்கும். இது நுரைக்கவில்லை, சத்தமே போடாமல் தெளிந்த எண்ணெயாக இளகியது. பிறகு வாடை வந்தது. வீட்டுக்காரர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பக்கத்து வீட்ல என்ன, சூப்பு வைக்கிறாங்களா?" என்றார். எங்கள் இரு குடும்பத்திலும் மாட்டிறைச்சி கிடையாது. சட்டியை என்ன செய்தோம் என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

விஷயம் இதுதான். மலேசியாவிலும் ஹாங்காங்கிலும் அந்த இரண்டு எழுத்து வெண்ணெயைக் குறிக்கும். மக்கள் சீனத்தில் எழுத்துக்கு எழுத்து மாட்டுக் கொழுப்பைக் குறிக்கும். சோங்சிங் பக்கம் மிளகாய் போட்டுக் கொதிக்கவிடும் ஹாட்பாட்டுக்கு அதுதான் உயிர். வெண்ணெய்க்கு அங்கே 'ஹுவாங் யோ', மஞ்சள் எண்ணெய். நாம் அதையே வெண்-நெய், வெள்ளை நெய் என்கிறோம். ஒரே பொருளைப் பார்த்து ஒரு இனம் வெள்ளை என்கிறது, இன்னொரு இனம் மஞ்சள் என்கிறது. ஆளுக்கொரு மாடு வைத்திருந்தோம் போல. மலாய்க்காரர்கள் இந்த வம்பில் மாட்டவில்லை. 1511ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் 'மந்தேய்கா'வை மெந்தேகா ஆக்கிக்கொண்டு நிறத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிட்டார்கள்.

பெயர் தெரிந்தபின் பொருள் தானாக வந்தது. நியூசிலாந்து வெண்ணெய் கூரியரில் குளிர்ப்பையோடு வந்து இறங்கியது. பேக்கிங் பவுடருக்குப் 'பாவ் தா ஃபென்'. பாவ் தா என்பது பவுடர் என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலி, ஃபென் என்றாலும் பவுடர்; பவுடர் பவுடர் என்று இரண்டு முறை சொல்கிறார்கள். நடு சென்டர் என்று சொல்லும் நாம் இதைக் கேலி செய்ய முடியாது. கேக் மாவுக்குப் பெயர் 'குறைந்த தசைநார் மாவு'. பசைத்தன்மையைத்தான் தசைநார் என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பாவம், மெலிஞ்ச மாவு" என்றார்.

அளவு வந்து நின்று குறுக்கே மறித்தது. அம்மாவின் செய்முறை ஒரே வரி: மாவு ஒரு காத்தி, மார்ஜரின் ஒரு காத்தி, சீனி ஒரு காத்தி, முட்டை 12. நம் ஊர்க் காத்தி 16 தாயில், ஏறக்குறைய 605 கிராம். அதன் கூடப்பிறந்த ஜின், மக்கள் சீனத்தில் சரியாக 500 கிராம். 1959ல் அதன் 16 பங்கைக் கூட 10 ஆக்கிவிட்டார்கள். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்தால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முட்டைக்கு ஜின் கிடையாது. 12 முட்டையை உடைத்து ஊற்றியதும் மாவு திரிந்து தயிர் மாதிரி நின்றது. அன்றிரவு தராசில் முட்டையை வைத்துப் பார்த்தேன். ஓடு நீக்கினால் ஒன்று 50 கிராம் வரும். 12 முட்டை என்றால் 600, ஏறக்குறைய ஒரு காத்தி! எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியிடமிருந்து வந்த செய்முறையில் நான்கு பொருளும் ஒரே எடை. ஜின்னுக்கு 10 முட்டை போதும். என் ஆய்வில் பட்டம் வாங்கத் தகுதியுள்ள கண்டுபிடிப்பு இது ஒன்றுதான்.

ஓவன் இல்லை. வாடகை வீட்டில் இருந்தது ஆவிச்சட்டியும் ரைஸ் குக்கரும். கேஸ் அடுப்பின் மேல் வைக்கிற அலுமினியப் பெட்டி ஓவன் வருவதற்கு முன்னால், லயத்துப் பெண்கள் சட்டிக்குள் மணல் பரப்பி, மூடி மேல் கங்கு கொட்டிக் கேக் சுட்டிருக்கிறார்கள். அவர்கள் பேத்தி ரைஸ் குக்கரைப் பார்த்துப் பயப்படலாமா? சோறு வெந்தது என்று அது மூன்று முறை பொய் சொல்லி நின்றது; மூன்று முறையும் திரும்பத் தட்டிவிட்டேன். அடி கருகாமல், மேல் சிவக்காமல், வெளுத்த முகத்தோடு கேக் வந்தது. வீட்டுக்காரர் மூன்று துண்டு சாப்பிட்டார். விமரிசனம் செய்யவில்லை, மாட்டெண்ணெய்க்குப் பிறகு அவர் விமரிசனம் செய்வதையே நிறுத்தியிருந்தார்.

முன்னோடிகள் யாராவது உண்டா என்று தேடியதில், சியாமெனுக்குப் பக்கத்து ஊர் குவான்சோவில் அகப்பட்டார்கள். 1281ல் அங்கே தமிழர்கள் சிவன் கோயில் எடுத்துத் தமிழில் கல்வெட்டும் பொறித்தார்கள். கோயில் போய்விட்டது, அதன் தூண்கள் இரண்டு கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறம் நிற்கின்றன. அவற்றில் ஒரு சிற்பம், இரு மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். கதை உங்களுக்குத் தெரியும்: யசோதை உரலில் கட்டிப் போட்டாள், பிள்ளை உரலை இழுத்துக்கொண்டு போய் மரங்களைச் சாய்த்தான். ஏன் கட்டினாள்? வெண்ணெய் திருடினான். அந்தக் கடற்கரைக்கு வெண்ணெய் நினைப்போடு போன முதல் தமிழச்சி நான் இல்லை என்பதற்குக் கல்லில் இருக்கிற சாட்சி அது. அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். அவர்கள் சந்தையில் என்ன சொல்லிக் கேட்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்று கல்வெட்டில் இல்லை.

ஊர் திரும்பிய வாரம் தவுக்கே கடைக்குப் போனேன். இப்போது மகன்தான் கல்லாவில். கொண்டுவந்த பாவ் தா ஃபென் பொட்டலத்தை மேசையில் வைத்து, மாட்டெண்ணெய்க் கதையைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த பெரிய தவுக்கே எழுந்து வந்து, கதையை ஹொக்கியனில் கேட்டுத் தானும் சிரித்தார். பிறகு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, மோந்து, என்னிடமே தள்ளிவிட்டுப் பின்னால் போனார். இரண்டு மார்ஜரின் டின்னோடு வந்தார்.

"அம்மா புக்குல எழுதவா?" என்றார்.