கடைசிப் பத்து நிமிடம்

உழைப்பே உயர்வு தரும் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கெடுப்பவர்கள், ஜமைக்காவில் பிறந்த பாடகர் கார்ல் டக்ளஸின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். லண்டனில் ஓர் இசைத்தட்டு. தயாரிப்பாளர் பெங்களூர்க்காரர் பிட்டு. முதல் பக்கப் பாட்டை மெனக்கெட்டு இழைத்தார்கள். மறுபக்கம் காலியாகக் கிடக்கக் கூடாதே என்று, ஸ்டுடியோ நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாடிவைத்தார் டக்ளஸ். 1974-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்கே முதலிடம்!

ஆகவே சாதகம் செய்வதை உடனே தடை செய்யலாம். வாட்ச்மேன் பூட்டோடு வந்து நின்ற பிறகே மைக்கைத் திறக்க வேண்டும். தட்டுக்கு இரண்டு புறமும் மறுபக்கமாகவே இருந்தால் இன்னும் உத்தமம்.

டக்ளஸ் மட்டும் இந்தத் தடவை ஆற அமர யோசித்தார் போலும். ஜெயித்தது பத்து நிமிடமல்ல, குங் ஃபூதான் என்று கண்டுபிடித்தார். அடுத்த பாட்டு: ‘டான்ஸ் தி குங் ஃபூ’.