மடிப்புக் கலையாத மாமா

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் இருக்கையில் மண்டப வாசலில் சரசரவென்று சத்தம் கேட்டால் அது பட்டுப்புடவை என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சி போட்ட வேட்டி. மாமா வந்துவிட்டார்.

எட்டு முழ வேட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை, நீலம் போட்ட வெள்ளையில் முழுக்கைச் சட்டை, தோளில் விசிறிமடிப்புத் துண்டு. சட்டைப்பையின் மெல்லிய துணி வழியே ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். "இந்த வயசிலயும் என்ன களை பாருடி!" என்று சித்திமார்கள் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். அது காதில் விழாத மாதிரி நடப்பதற்கு மாமா தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுப் பெரியவர் என்று கும்பிடுவார்கள். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். மைக் பிடித்தவர் யாரையும் கேட்காமலே வாழ்த்துரைக்கு அழைத்துவிடுவார். உண்மையில் அவர் பெண்ணின் அப்பாவோடு ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவர், அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் கட்டம் போட்ட லுங்கியில் வந்து எட்டிப் பார்த்த இதே மனிதரிடம், "காய்கறி இறக்குறவங்க பின்வாசல்ல போங்க" என்றார் வாட்ச்மேன். இன்று அவரே ஓடிவந்து சல்யூட் அடிக்கிறார்.

இந்த மரியாதைக்கு மாமா கொடுக்கும் விலையும் அதிகம். நாற்காலியைக் கைக்குட்டையால் இரண்டு தரம் துடைப்பார், உட்கார்ந்தபின் அசையமாட்டார். பேரன் "தாத்தா" என்று பாய்ந்து வந்தால், அன்பாக, ஆனால் கையை முழுதாக நீட்டித் தூரத்திலேயே நிறுத்திவிடுவார். பன்னீர்ச் செம்பைக் கண்டால்கூட ஓரடி பின்வாங்குவார். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி கட்டிய இளவட்டங்களைப் பார்த்தால் மட்டும் உதடு சுழியும். "கட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா வேட்டி?" என்பார். அடிக்கடி இடுப்பைத் தொட்டு முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பவர் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

வேட்டி பற்றிப் பேச்செடுத்தால் மாமாவுக்கு 2014 ஜூலை நினைவுக்கு வந்துவிடும். சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப், வேட்டியில் வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது: வேட்டிக்காரரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். "பார்த்தியா, என் வேட்டிக்குச் சட்டமே காவல்!" என்று மாமா நிமிர்வார். சட்டத்தின் அதிகாரம் வாசலோடு சரி. பந்தியில் ரசத்துக்கு எதிராக அதில் ஒரு பிரிவும் கிடையாது.

இத்தனை கம்பீரத்தின் உற்பத்தி நிலையம் அத்தையின் அடுப்படி. சோறு வடித்த கஞ்சியை எடுத்துவைத்து, தண்ணீர் விட்டு அளவாகக் கரைத்து, வேட்டியை முக்கிப் பிழிந்து, மொட்டைமாடியில் சுருக்கமில்லாமல் இழுத்துக் காயப்போட்டு, மறுபடி தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவது வரை எல்லாம் அவர் வேலை. கஞ்சி கூடினால் வேட்டி அட்டையாகும், குறைந்தால் மாமா தொய்ந்துபோவார். கல்யாணத்தில் அத்தையின் புடவையை யாராவது பார்த்தார்களா என்று கேட்டால் பதில் வராது.

ஆகவே, பரிமாறும் தம்பிகளே, முன்வரிசை வெள்ளை வேட்டிக்கு முன்னால் வரும்போது ரசத்தைக் கொஞ்சம் தாழ்வாகப் பிடித்து ஊற்றுங்கள். நாளைக்கு அதைத் துவைக்கப்போவது மாமா இல்லை.