சாவிக்கு ஒரு பழந்துணி

நாய்க்குப் பொம்மை செய்வது சுலபம். அதற்கான பழைய சாமானை எங்கள் வீட்டில் வாங்குவதுதான் பெரும்பாடு. ஏனென்றால் இங்கே எதுவும் பழசாவதில்லை, பதவி மட்டும் மாறும். அப்பாவின் வேட்டி நைந்தால் துண்டு, துண்டு நைந்தால் கரித்துணி, கரித்துணி கிழிந்தால் வண்டி துடைக்க. அதற்கும் ஆகாததைப் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று தெருவில் கூவி வருபவருக்காக மூட்டை கட்டி வைத்திருப்பார் அம்மா. இந்தப் பணிமூப்புப் பட்டியலில் நாய்க்கு இடமே கிடையாது.

நாயின் பெயர் சாவி. எங்கள் திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த மரியாதைக்கு வைத்த பெயர். வீட்டைப் பூட்டும்போது யாராவது "சாவி எங்கே?" என்றால் வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும். நாட்டு நாய்க் குட்டி. பால்பல் 28-ம் விழுந்து 42 பல் முளைக்கிற பருவம். ஈறு குறுகுறுக்க, எதையாவது கடித்தே தீர வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சாவி தேர்ந்தெடுத்தது செருப்பு. அதிலும் விருந்தாளி செருப்பு.

"பிரியாணி ஊர்ல இருந்துக்கிட்டு நாய்க்குக் கடிக்க எலும்பா இல்ல?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வெந்த எலும்பு ஊசி ஊசியாய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும். அதோடு ஒட்டி வரும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மிச்சம் அதற்கு விருந்தல்ல.

இழுத்து விளையாடச் சின்னாளப்பட்டி சுங்குடியை மிஞ்சிய சரக்கில்லை. நல்ல பருத்தி. புதுசில் சாயம் விட்டாலும், பத்து வருசம் துவைத்த சேலையில் விட இனி எதுவும் இருக்காது. மூன்றாகக் கிழித்து, ஜடை பின்னி, இரு முனையிலும் இறுக முடிச்சுப் போட வேண்டியதுதான். கேட்டதும் அம்மா சேலையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ தொட்டில்ல கெடந்த சேலைடா இது. இன்னும் ரெண்டு வருசம் உழைக்கும்."

கடைசியில் கரையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். நான் பின்னியதைப் பார்க்கப் பொறுக்காமல் பிடுங்கி அவரே பின்னினார். வீட்டில் பெண்பிள்ளை இல்லாத குறை அன்று ஓரளவு தீர்ந்தது.

அந்த ஜடையை நனைத்து ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதம். சித்திரை வெயிலில் மாமா ஐஸ் எடுக்கப் போய், "ஏக்கா, சேலையை எதுக்கு இதுக்குள்ள வச்சிருக்க?" என்று அலறினார். "சாயம் போகாம இருக்க" என்றார் அம்மா, கூசாமல்.

இட்லித் துணி வேண்டாம், வாசத்துக்கே விழுங்கிவிடும். சாக்ஸும் அப்படித்தான், குடலை அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். பழைய செருப்பும் கூடாது. பழைய செருப்புக்கும் புதிய செருப்புக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் வீட்டில் மனிதருக்கே தெரியாது.

பழைய சாமானில் நாய்ப் பொம்மை பிறப்பது புதிதல்ல. அமெரிக்காவின் கொலராடோவில் 1970-களில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் ஃபிரிட்ஸ், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வோக்ஸ்வாகன் வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் பாகம் ஒன்றைக் கண்டதும் கல்லை விட்டு அதைப் பிடித்துக்கொண்டது. அந்த வடிவத்தில் பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் விற்கும் 'காங்' பொம்மை. எங்கள் தெருவாக இருந்தால் நாய் பார்ப்பதற்கு முன்பே அந்த ரப்பர் எடைக்குப் போயிருக்கும்.

துணியில் பொத்தான், கொக்கி, ஜிப் இருந்தால் முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். விளையாடும்போது ஒரு கண் இருக்கட்டும். நூல் பிரிந்தால் தூக்கி எறிய வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் எங்கள் வீட்டில் அமல்படுத்த முடியவில்லை. சாவி கடித்துப் பிரித்த ஜடையை அம்மா வெந்நீரில் அலசிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார், மிதியடி தைக்க ஆகுமாம்.

ஆகவே, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டிலாவது கிழிந்த சுங்குடி இருந்தால், பாத்திரக்காரர் வருவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கரையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.