எல்லாம் சரி, 200

கட்டடத் திட்டங்களின் பட்ஜெட்டை எடுத்துத் தரும் ஏபிஐ என்ற மென்பொருள் இணைப்புக்கு விளக்க ஆவணம் எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதையும் விளக்க வேண்டாம். 'ஆரம்ப பட்ஜெட்: ஆரம்பத்தில் இருந்த பட்ஜெட்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். திருத்திய பட்ஜெட், ஒப்புதல் கிடைத்த மாற்றம், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மாற்றம், முடிக்க இன்னும் ஆகும் செலவு என்று வரிசையாகப் போகும்; எல்லாவற்றுக்கும் எதிரே 'எண்'.

மாதிரிப் பதிவுதான் வேடிக்கை. பட்ஜெட் 1,00,000, செலவு 1,00,000, வித்தியாசம் 0. இப்படிக் கட்டிய மேஸ்திரி எங்கே இருக்கிறார் என்று சொன்னால் போய்க் காலில் விழலாம்.

நியாயமாக சிட்னி ஆபரா ஹவுஸைத்தான் மாதிரியாகப் போட வேண்டும். முதல் மதிப்பீடு, டாலர் கணக்கில், 70 லட்சம். முடிந்த கணக்கு 10 கோடியே 20 லட்சம். 1963-இல் முடியும் என்றார்கள், 1973-இல் திறந்தார்கள். வடிவமைத்த யோர்ன் உட்சோன் 1966-இலேயே கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். 'நிதி ஆதாரம்' என்ற இடத்தில் 'லாட்டரிச் சீட்டு' என்று எழுத வேண்டியிருக்கும். கிண்டல் இல்லை, பெரும்பகுதிப் பணம் அப்படித்தான் வந்தது.

ஆவணத்தில் மனம்விட்டுப் பேசுவது பிழைக் குறியீடுகள் மட்டுமே. 403: பார்க்க உங்களுக்கு அனுமதியில்லை. 404: அப்படியொரு பதிவே இல்லை. 429: அளவுக்கு மேல் கேட்கிறீர்கள். தகவல் கேட்டு அலுவலக ஜன்னலில் நின்றவர்களுக்கு இவை பழகிய பதில்கள்தான், இங்கே நம்பர் போட்டுத் தருகிறார்கள். கான்ட்ராக்டருக்கு மட்டும் எப்போதும் 200: எல்லாம் சரி.