எங்கள் கார் கடிகாரமும் கள்ளக்குறிச்சிச் சூரியனும்

காரில் பெட்ரோல் முள் பொய் சொன்னால் வழியில் நிற்போம். பிரேக் பொய் சொன்னால் போய்ச் சேர்ந்துவிடுவோம். டேஷ்போர்டு கடிகாரம் மட்டும் எவ்வளவு பொய் சொன்னாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதனால் ஆயுசுக்கும் தைரியமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பேட்டரி மாற்றிய அன்று எங்கள் கார் 12:00 என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"பேட்டரியக் கழட்டினா டைம் போயிடும் சார்."

"அதான் திரும்ப மாட்டிட்டீங்களே?"

"மாட்டினா பேட்டரி வரும் சார். போன டைம் எப்படி வரும்?"

இதற்கு மேல் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் காரில் மணி வைப்பதற்கென்று தனி பட்டன் கிடையாது. ஸ்பீடோமீட்டர் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு குமிழ். தட்டினால் டிரிப் மீட்டர் மாறும். அழுத்தினால் பூஜ்யமாகும். எவ்வளவு நேரம் அழுத்தினால் மணி வரும் என்பது அதைச் செய்தவனுக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். ஒன்பதாவது படிக்கும் என் மகன் செல்போனைப் பார்த்து நொடி பிசகாமல் வைத்துவிட்டான். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது, ஏனென்றால் என் அப்பா ரிட்டயரான புவியியல் வாத்தியார்.

"இது எந்த ஊரு மணி?" என்றார்.

"இந்திய மணி தாத்தா."

"மிர்சாபூர் மணின்னு சொல்லு."

இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. கள்ளக்குறிச்சி இருப்பது கிட்டத்தட்ட 79-இல். ஒரு பாகைக்கு 4 நிமிஷம். ஆக, மிர்சாபூரில் உச்சிக்கு வந்த சூரியன் நம்மூர் உச்சிக்கு வர இன்னும் 14 நிமிஷம் ஆகும். 1906 ஜனவரி 1-இல் பொது நேரம் வருவதற்கு முன், ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரப்படி. அது இன்றைய நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிஷம் பின்னால். கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடாமல் வைத்திருந்தன.

"பம்பாய்க்காரன் அம்பது வருஷம் முறுக்கிக்கிட்டு நின்னான். நாம கேக்கறது ஒரே ஒரு கார்தான்" என்றபடி அப்பா குமிழை அழுத்தி 14 நிமிஷம் குறைத்தார். முதல் அழுத்தலிலேயே மணி வந்தது. அவருக்கு மட்டும் எல்லாம் பணியும்.

நானும் கொஞ்சம் படித்தவன்தானே? "சூரியன் வருஷம் பூரா ஒரே மாதிரி வராதேப்பா. நம்மூர்ல பிப்ரவரி நடுவுல உச்சிப்பொழுது 12:28-க்கு. நவம்பர் தொடக்கத்துல 11:58-க்கே வந்துடுது. அப்ப மிர்சாபூர் மணியேதான நமக்குச் சரி?" என்றேன்.

"இது சராசரிடா" என்றார். வாத்தியார்கள் சராசரிக்குள் புகுந்துகொண்டால் வெளியே இழுக்க முடியாது.

"ஜிபிஎஸ் வெச்ச கார் வாங்குனா அதுவே மணி வெச்சுக்கும்" என்றான் மகன். என் பர்ஸைக் காப்பாற்ற ஒரு செய்தி தயாராக இருந்தது. 2022 புத்தாண்டு அன்று பல நாடுகளில் ஹோண்டா கார்கள் சிலவற்றின் ஜிபிஎஸ் கடிகாரங்கள் 2002-க்குப் போய்விட்டன. ஆகஸ்ட் வரை அவை திரும்பவில்லை. நம்முடையது 14 நிமிஷம்தானே?

அம்மா வந்த பிறகுதான் விவகாரம் முற்றியது. அன்று வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. கரியாலூரில் அப்பாவின் பழைய மாணவர் புது வீடு கட்டி மதிய விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். செல்போனில் 12:01. காரில் 11:47.

"இன்னும் ராகு காலம் போகலியே" என்றாள் அம்மா.

"போன்ல போயிடுச்சும்மா."

"ராகு காலம் சூரியனை வெச்சுத்தானடா? அப்பா என்ன புளுகவா செய்றார்?"

நாற்பது வருஷ இல்லறத்தில் அப்பாவின் புவியியலை அம்மா ஒப்புக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதோடு விட்டாளா? ராகு தொடங்குவதற்குப் போன் கணக்கு, முடிவதற்குக் கார் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். பாதுகாப்புக்காம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மட்டும் ராகு காலம் ஒண்ணே முக்கால் மணி நேரம்.

காத்திருந்துதான் கிளம்பினோம். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு டிராக்டர்கள் சாரை சாரையாக நின்றன. அவற்றை முந்தி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறியதும் செல்போனில் சிக்னல் போனது. டேஷ்போர்டு கடிகாரம் மட்டும் அசரவில்லை. இத்தனைக்கும் உள்ளே இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். சுமார் 25 டிகிரியில் அது சமர்த்து. சூடு ஏறினாலும் குளிர் ஏறினாலும் தாமதிக்கும். கள்ளக்குறிச்சி வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் படும் பாட்டுக்கு, அது ஓடுவதே பெரிது.

மலை வளைவொன்றில் ஒரு பாட்டி கை காட்டினார். "ஒம்பது மணி பஸ்சு போயிடுச்சா சாமி?" மணி ஒன்று. இன்னும் வரவில்லை என்றதும் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார். எத்தனை மணிக்கு வந்தாலும் அது ஒன்பது மணி பஸ்தான்.

"பாத்தியா? இந்த மலையே 1976 வரைக்கும் ஜாகிர்தாருங்க கையிலதான் இருந்துச்சு. நாட்டுக்கு 47-ல வந்த சுதந்திரம் மலையேற இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. நீ பதினாலு நிமிஷத்துக்குப் பறக்கற" என்றார் அப்பா.

கரியாலூரில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாணவர் ஓடி வந்தார். "என்ன சார், இவ்ளோ லேட்டு?"

"நாங்க லேட் இல்லப்பா. மிர்சாபூர்காரன்தான் சீக்கிரம் வந்துட்டான்."

அப்பாவிடம் மூன்று வருஷம் புவியியல் படித்த அந்த மனிதர், பந்தலைச் சுற்றிலும் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டுக் கவலையோடு கேட்டார்: "அவரு சாப்டாரா சார்?"